சூடு வேண்டாம், வெளிச்சம் போதும்

நேயர்களுக்கு வணக்கம். வெயில் கொளுத்தும் நகரங்களில் இருப்பவர்கள் என்னிடம் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. "எங்க வெயிலுக்கு சோலார் பிச்சு உதறுமே!" உதறும்தான். ஆனால் அவர்கள் நினைக்கிற காரணத்தால் அல்ல. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகவே ஆகாது.

பேனலின் முதுகில் 400 வாட், 500 வாட் என்று ஒட்டியிருப்பார்களே, அது தகடு 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்த கணக்கு. மொட்டைமாடியில் உச்சி வெயிலில் கிடக்கும் தகடு சர்வசாதாரணமாக 60, 65 டிகிரியைத் தொடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். 40 டிகிரி ஏறினால்? 12 முதல் 16 சதவீதம் போச்சு.

நம்பாதவர்களை, பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரைக்கு முன்னால் நிறுத்திவிடுவேன். (வீட்டில் இதைப் பார்த்துச் சலித்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.) நல்ல கோடை மழை ஒன்று பெய்து ஓயட்டும். தகட்டின் தூசி கழுவப்பட்டிருக்கும், கண்ணாடி குளிர்ந்திருக்கும். மேகம் விலகி வெயில் பட்டதும் திரையில் உற்பத்தியைக் காட்டும் எண் விறுவிறுவென்று ஏறி, மழைக்கு முன் எட்டாத உயரத்தைத் தொடும். மேக விளிம்பில் சிதறி வரும் வெளிச்சமும் இதற்குக் கைகொடுக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரம்தான். தகடு மறுபடி சூடேறச் சூடேற, எண்ணும் இறங்கத் தொடங்கிவிடும்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள். தாங்கியில் தூக்கி நிறுத்துங்கள், அடியில் காற்று ஓடட்டும். பேனலின் நிழல் விழுவதால் மாடிக்குக் கீழே உள்ள அறையும் சற்றுத் தணியும்.

இவ்வளவு இழந்தாலும் லாபம்தான். வெயில் நிறைந்த நகரத்தில் 1 கிலோவாட் அளவுக்கு வைத்த பேனல்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்கு 100 சதுர அடி இடம் போதும்.

ஆனால் நிழல் படாத 100 சதுர அடி! ஒரு பேனலில் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் சிறு செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கப் படுத்துவிடும். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மாடியேறிப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.

பேட்டரி பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, ஒன்று மட்டும். பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு மட்டும் சேர்ந்த அமைப்பு, கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். நம் பேனலின் மின்சாரம் வெளிக்கம்பியில் பாய்ந்துவிடாமல், அதில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது, பழுதல்ல. மின்தடை அடிக்கடி வரும் என்றால் பேட்டரியோடு இயங்கும் இன்வெர்ட்டர்தானா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வணக்கம்.