கொக்கின் சிறகு எங்கே போனது?

[திரையில்: வேடந்தாங்கல் ஏரி. நீர்க்கடம்பு மரத்தின் உச்சியில் ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு. உடம்பு முழுக்க ஒரே வெள்ளைத் திட்டு.]

வணக்கம். இந்தப் படத்தில் ஃபோகஸ் சரியாகவே விழுந்திருக்கிறது. இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. கொக்கு மட்டும் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் அதன் முதுகிலிருந்து தொங்கும் மெல்லிய தூவிகளைத் தேடினாலும் காணோம். லென்ஸை மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிக்கல் வெளிச்சக் கணக்கில் இருக்கிறது.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குப் பழைய பழக்கம் ஒன்று உண்டு. எதைக் காட்டினாலும், மொத்தப் படமும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்று பார்க்கும். புதிய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் வைக்கின்றன, உண்மைதான். ஆனாலும் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற விஷயத்தில், இந்தப் பழக்கம் முழுதாக விட்டுப்போகவில்லை.

[திரையில்: அதே படம். மரம் இருக்கும் பகுதி மட்டும் கோடிட்டுக் காட்டப்படுகிறது.]

இங்கே பிரேமில் பெரும்பகுதி கரும்பச்சை மரம். மீட்டர் அதைப் பார்த்து, இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. மரம் பளிச்சென்று ஆனது. ஏற்கெனவே வெயிலில் மின்னிய கொக்கு வெளுத்துப் போனது.

இப்போது அதே கொக்கை நெருங்கி, பிரேம் முழுக்க வருமாறு எடுங்கள். மீட்டர் வெள்ளையைக் கண்டு வெளிச்சத்தைக் குறைக்கும். கொக்கு அழுக்கு வேட்டி நிறத்தில் வரும். வெளிச்சத்தை நாமே கூட்டினால் பிளஸ், குறைத்தால் மைனஸ். 'வெள்ளை என்றால் பிளஸ், கறுப்பு என்றால் மைனஸ்' என்று பலர் மனப்பாடம் செய்திருப்பது இந்த இரண்டாவது படத்துக்குத்தான் பொருந்தும். முதல் படத்தில் அதே வெள்ளைக் கொக்குக்கு மைனஸ் வேண்டும். ஆகவே பறவையின் நிறத்தோடு நிற்காமல், பிரேமில் எது அதிக இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

[திரையில்: கொக்கின் கழுத்து, பல மடங்கு பெரிதாக்கப்பட்டு. ஒவ்வொரு பிக்சலிலும் 255 என்ற எண்.]

கேமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். ஒரு இறகு 255, பக்கத்து இறகு 255, நடுவில் இருந்த நிழலும் 255 என்றால், அங்கே வித்தியாசம் என்று எதுவும் மிஞ்சவில்லை. எடிட்டிங்கில் அதை எவ்வளவு இழுத்தாலும் சீரான சாம்பல் பூச்சுதான் கிடைக்கும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) ஃபைலில் கொஞ்சம் கூடுதல் இடம் உண்டு. ஆனால் சென்சாரே நிரம்பிவிட்டால் ராவும் கைவிரித்துவிடும். நிழல் பகுதி அப்படியில்லை. இருண்டு போன இலையை ராவில் மேலே தூக்கலாம், புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் நாய்ஸ் வரும், அவ்வளவுதான். எனவே முதலில் காப்பாற்ற வேண்டியது வெள்ளையை.

சரி, எப்படி? பிளஸ் மைனஸ் குறி போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பட்டன் இருக்கும். அதில் மைனஸ் 1 வைத்தால் வெளிச்சம் பாதியாகும். அங்கிருந்து தொடங்கி ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம் அது. இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. கொக்கு பிரேமில் சிறியது. அதனால் வலது ஓரத்தில் அதன் பங்கு மயிரிழை போல ஒரு கோடாகத்தான் தெரியும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். வெளுத்த இடம் கண்சிமிட்டும் ஹைலைட் எச்சரிக்கையை மெனுவில் இயக்கி வையுங்கள். எனக்கு ஹிஸ்டோகிராமைவிட இதன்மேல்தான் நம்பிக்கை. ராவில் எடுத்தாலும் இந்த எச்சரிக்கை ஜேபெக் கணக்கில் வருவதுதான். ஒரு புள்ளி சிமிட்டினால் பதற வேண்டாம், முதுகு முழுக்கச் சிமிட்டினால் குறையுங்கள்.

கொக்கு பறக்கத் தொடங்கினால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். பின்னணி மரமாக இருந்தது, தண்ணீரானது, வானமானது. ஒவ்வொன்றுக்கும் மீட்டர் மனம் மாறும். ஆனால் கொக்கின்மேல் விழும் வெயில் மாறவில்லையே! இங்கே எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல்தான் நிம்மதி. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், வானம் தெளிவு என்றால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, ஷட்டர் 1/3200 நொடி என்று வைத்துப் பாருங்கள். இது ஃபிலிம் காலத்துச் 'சன்னி 16' கணக்கிலிருந்து வருகிறது: நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணில் ஒரு பங்கு, இங்கே 1/400 நொடி. எஃப் 8க்கு மாற்றினால் திறப்பு வழியே வரும் வெளிச்சம் நான்கு மடங்காகும், அதனால் ஷட்டர் 1/1600. வெள்ளைப் பறவைக்காக இன்னும் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்தால் 1/3200. சிறகடிப்பை உறைய வைக்கவும் அந்த வேகம் போதும். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் இவ்வளவும் வீண். மேகம் வந்தால் மறுபடி பார்த்து மாற்ற வேண்டும்.

[திரையில்: டார்க்டேபிள். இருட்டாகத் தெரியும் ரா படம்.]

ரா படங்களைத் திருத்தும் மென்பொருள்களில் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். லைட்ரூம் இருந்தாலும் வேலை ஒன்றுதான். படம் திறந்ததும் இருட்டாக இருக்கும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றி, ஹைலைட்டை இறக்குங்கள்; தூவிகள் பிரிந்து தெரியத் தொடங்கும். அப்புறம் நிழலைச் சிறிது தூக்கலாம். மரத்தின் உள்ளே இருட்டாகவே இருக்கட்டும், கொக்கு எடுப்பாகத் தெரிவதே அதனால்தான். கிளிக் செய்த இடத்தை நிறச் சாயல் இல்லாததாக்கும் ஒயிட் பேலன்ஸ் டிராப்பரைக் கொண்டுபோய்க் கொக்கின்மேல் கிளிக் செய்யாதீர்கள். காலை ஏழு மணி வெயிலில் கொக்கு இளமஞ்சளாகத்தான் இருக்கும். கிளிக் செய்த மறுகணம் அந்தக் காலையே போய்விடும்.

மொபைலில் என்றால் கொக்கைத் தொட்டு, ஃபோகஸ் பூட்டும்வரை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

வேடந்தாங்கல் சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை. அதுவரை வீட்டிலேயே பழகலாம். அடர்ந்த மரத்துக்கு முன்னால் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் காயப் போடுங்கள். மைனஸ் 2இல் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே எடுங்கள். எந்தப் படத்தில் வேட்டியின் நூலிழை மறைகிறதோ, அதற்கு முந்தைய எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவுக்கு அதே மாதிரி வெயிலில், அதே மாதிரிப் பின்னணியில் கொக்கை எடுக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.