காய்ந்த நெத்திலியும் சாட்சி சொல்லும்

நடுவர் அவர்களே, தங்கச்சிமடத்துப் பெரியோர்களே, வணக்கம். 'கிறிஸ்தவ விசுவாசம் துலங்குவது ஆலயத்திலா, அன்றாட வாழ்விலா?' என்பது தலைப்பு. அன்றாட வாழ்வில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், போர்த்துக்கீசிய குரு அருளானந்தர் இரத்தம் சிந்திய திருத்தலமான ஓரியூரைச் சொன்னார். அந்தச் செம்மண்ணைத் தேடி வரும் கூட்டத்தைப் பாருங்கள், அதுவல்லவா விசுவாசம் என்றார். நானும் ஓரியூரையே எடுத்துக்கொள்கிறேன். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் அருளானந்தர் அங்கே வெட்டுண்டு இறந்தது எதனால்? மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றதோடு நிற்கவில்லை. பல மனைவியரோடு வாழ்ந்தவர், இனி ஒருத்தியோடு மட்டுமே வாழ்வேன் என்று முடிவெடுத்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி மன்னருக்கு உறவு. அந்தப் பெண்களின் கண்ணீரையும் நான் மறக்கவில்லை. ஆனால் விசுவாசம் ஒரு வீட்டுக்குள் நுழைந்து அதன் நடப்பை மாற்றியபோதுதான் அரண்மனை கொதித்தது. மறுக்க முடியுமா அண்ணன்?

எங்கள் வீட்டுத் தொழில் கருவாடு. நெத்திலியை வெறும் மணலில் கொட்டிக் காயவைத்தால் மணல் ஒட்டும். ஒட்டிய மணலுக்கும் தராசில் எடை உண்டு. அரைகுறையாகக் காய்ந்ததுமே அள்ளிவிட்டால் ஈரத்துக்கும் சேர்த்துக் காசு கிடைக்கும். வாங்கியவர் பரமக்குடியில் மூட்டையைப் பிரிக்கும்போதுதான் பூஞ்சை தெரியும். நாங்கள் பழைய வலையை விரித்து அதன்மேல் காயப்போடுகிறோம். ஒரு நெத்திலியை எடுத்து வளைத்துப் பார்ப்பேன். வளைந்தால் இன்னும் ஒரு வெயில். படக்கென்று முறிந்தால்தான் மூட்டை. எடை குறைகிறது, வருமானமும் குறைகிறது. அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்கும்போது, நாளை யாருக்குக் கணக்குக் கொடுக்கப்போகிறேன் என்பது எனக்கு உறைக்கிறது. ஞாயிறு பூசையில் பாடும்போது அவ்வளவு உறைப்பதில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அடுப்பு எரிகிறதா என்று வாய்விட்டுக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரி கூசிப்போவாள் என்று, கேட்காமலே அரிசி கொடுத்தனுப்பும் தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

'ஆலயம் இல்லாமல் அந்த மனம் எங்கிருந்து வரும்?' என்றது எதிரணி. நியாயமான கேள்வி. ஆலயத்திலிருந்தே வரட்டும், துலங்குவது எங்கே என்பதல்லவா தலைப்பு? உயிர்த்த இயேசு திபேரியக் கடற்கரையில் என்ன செய்தார்? இரவெல்லாம் ஒன்றும் படாமல் தவித்த சீடர்கள் கரையேறும்போது, கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, சாப்பிட வாருங்கள் என்று அழைத்தார். என்னை நேசிக்கிறாயா என்று பேதுருவிடம் கேட்டது அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான். வெறும் வலையோடு திரும்பியவருக்குச் சோறு போட்ட பெண்களுக்கு இந்த வரிசையின் அருமை தெரியும்.

அவரே இன்னொன்றும் சொன்னார். பீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு சமாதானமாகு என்றார். மீன் ஏலத்தில் பேச்சை முறித்துக்கொண்டவர்கள் நம் ஊரில் இல்லையா? அவர்களில் ஒருவர் பூசை நடுவே எழுந்து மற்றவர் வீட்டுக்கு நடக்கிறார் என்று வையுங்கள். அந்த நேரத்தில் அவருடைய விசுவாசம் எங்கே துலங்குகிறது? பீடத்திலா, அவர் நடக்கும் தெருவிலா? எதிரணித் தலைவர் இதற்குப் பதில் சொல்லட்டும். தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன்.