உங்கள் பேருக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

நம் பக்கத்தில் ஒரு ஏக்கர் பூமி வாங்குவதென்றால் சிட்டா பார்ப்போம், கிணற்றில் தண்ணீர் பார்ப்போம், வண்டித்தடம் எந்தப் பக்கம் வருகிறது என்று விசாரிப்போம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம். பூமிக்கு இவ்வளவு பார்க்கிற நாம், நம் பேருக்கு ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. வங்கியில் கடன் கேட்டு உட்கார்ந்த பிறகு, 'உங்களுக்கு சிபில் இடிக்குதுங்க' என்று மேனேஜர் சொல்லும்போதுதான் விழிக்கிறோம்.

சிபில் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அது ஒரு கம்பெனியின் பெயர். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நம் கடன் கணக்குகளைத் தொகுக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற கம்பெனிகள் நான்கு. நகைக்கடன், தறிக்கடன், லாரிக்கடன், பையனின் படிப்புக்கடன் என்று நாம் எதை வாங்கினாலும், கொடுத்தவர்கள் அந்தக் கணக்கை இவர்களுக்கு அனுப்புகிறார்கள். அதைத் தொகுத்ததுதான் கடன் அறிக்கை. 300 முதல் 900 வரை போடும் மதிப்பெண் அதன் முதல் பக்கம்தான். ஊரே அந்த எண்ணைப் பற்றித்தான் பேசுகிறது. விஷயம் உள்ளே இருக்கிறது.

2017 ஜனவரியிலிருந்து, இந்த நான்கு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆளுக்கு ஒன்று, ஆக வருஷத்துக்கு நான்கு. நான் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குப் போய், பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்தால் ஓடிபி வரும், அவ்வளவுதான். நடுவில் மாதச் சந்தா, வருஷச் சந்தா என்று காசு கேட்கும் பக்கங்கள் வரும். அவற்றைத் தாண்டி, இலவச அறிக்கை என்று இருப்பதைத் தேடிப் பிடியுங்கள். நாமே எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. குறையாது. கடன் கேட்டு நாலு இடத்தில் விண்ணப்பம் போடும்போது அவர்கள் எடுத்துப் பார்க்கிறார்களே, அதுதான் பதிவாகிக் குறைக்கும்.

சரி, கையில் வந்த அறிக்கையில் எதைப் பார்ப்பது? ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் தவணை சரியாகக் கட்டியாயிற்று. 030 என்றால் முப்பது நாள் தாமதம். அதைவிட முக்கியம், கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது. 'பாதியைக் கட்டுங்க, முடிச்சு விட்டுடலாம்' என்று ஏஜென்ட் சொன்னதை நம்பிக் கட்டியவர்கள் நம் விசைத்தறிப் பக்கம் நிறையப் பேர். கடன் தீர்ந்தது என்று அவர்கள் நினைப்பு. அறிக்கையிலோ அது 'செட்டில்டு' என்று நிற்கும். அடுத்த வங்கிக்காரர் அதை 'முழுசாகக் கட்டாதவர்' என்றுதான் படிப்பார். 'குளோஸ்டு' என்று இருந்தால்தான் கடன் தீர்ந்த கணக்கு.

அப்புறம் ஜாமீன். வங்கிக் கவுண்டருக்கு உள்ளே நான் இருந்த காலத்தில், சோமனூர்க்காரர் ஒருவர் வீட்டுக்கடன் கேட்டு வந்தார். வாழ்நாளில் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை என்றார், உண்மைதான். ஆனால் அறிக்கையில் ஒரு தறிக்கடன், மூன்று தவணை பாக்கி. மச்சான் வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். போட்டதையே மறந்திருந்தார். 'ஒரு கையெழுத்துதானுங்க போட்டேன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நம் ஊரில் மாமன் மச்சான் கேட்டால் மறுக்க முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் ஜாமீன் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் ஏறும். மறுக்க முடியாவிட்டால், அவர் கட்டுகிறாரா என்றாவது வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ஊருக்குச் சொல்கிற என் அறிக்கையிலேயே ஒரு கோளாறு இருந்தது. நான் உபயோகிக்கவே இல்லாத ஒரு கிரெடிட் கார்டுக்கு வருஷக் கட்டணம் 590 ரூபாய் பாக்கி என்று இருந்தது. அந்தக் கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த நகல் என்னிடம் இருந்ததால் தப்பித்தேன். தப்பு இருந்தால் அந்த இணையதளத்திலேயே புகார் போடலாம், கடன் கொடுத்தவரிடமும் எழுதிக் கொடுக்கலாம். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்ட ஈடு, 2024 ஏப்ரலிலிருந்து இந்த விதி இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அங்கேயும் செலவில்லை. 'காசு கொடுங்க, சிபிலைச் சரி பண்ணித் தருகிறோம்' என்று வருகிறவர்களிடம் மட்டும் ஓடிபியைச் சொல்லிவிடாதீர்கள். கணக்கைத் திருத்தும் அதிகாரம் கடன் கொடுத்தவருக்குத்தான், வேறு யாருக்கும் கிடையாது.

எங்கள் வீட்டு அம்மணியின் அறிக்கையை அடுத்த வாரம் எடுப்பதாக இருக்கிறோம். மகளிர் குழுக் கடன் ஒன்று, நகைக்கடன் இரண்டு இருக்கும் என்கிறார். அந்த இரண்டாவது நகைக்கடன் எனக்கே இப்போதுதான் தெரியும்.

வணக்கமுங்க.