புதுச்சேரிக்குச் சைக்கிளில் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு

(காட்சி: வீட்டு வாசலில் நிறுத்தப்பட்ட ஹைபிரிட் சைக்கிள். அதன் பக்கத்தில் ஒரு பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள்.)

வணக்கம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் பாதி தூரத்தையாவது கடந்துவிட வேண்டும் என்று பலரும் விடியலுக்கு முன்பே கிளம்புகிறார்கள். அந்த நேரத்தில் எந்தச் சைக்கிள் கடையும் திறந்திருக்காது. ஆகவே இன்று காட்டப்போகும் சோதனையைக் கிளம்பும் நாள் காலையில் செய்யாதீர்கள், இரண்டு நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள். தேய்ந்ததை மாற்ற ஒரு நாள் வேண்டும். மாற்றியதை ஊருக்குள் ஓட்டிப் பார்க்க இன்னொரு நாள் வேண்டும்.

சைக்கிளில் வரும் பழுதுகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. பஞ்சர் ஆனால் வண்டி நிற்கும். செயின் அறுந்தாலும் பெரும்பாலும் வண்டி நிற்கும். ஓரமாக இறங்கிச் சரிசெய்யலாம், முடியாவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் முன் சக்கரம் கழன்றாலோ, ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு வழுக்கினாலோ, பிரேக் கம்பி அறுந்தாலோ ஆளே கீழே விழுவார், அதுவும் பின்னால் பேருந்து வரும் சாலையில். நம்மில் பெரும்பாலோர் காற்றை அழுத்திப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டதோடு திருப்தி அடைந்துவிடுகிறோம். நான் கேட்டுக்கொள்வது, வரிசையை மாற்றுங்கள் என்பதுதான். உங்களை வீழ்த்தக்கூடியவற்றை முதலில் பாருங்கள்.

(காட்சி: முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி, இரு கைகளாலும் ஹேண்டில்பாரைத் திருப்பும் காட்சி.)

முன்பக்கத்திலிருந்து தொடங்குவோம். வண்டிக்கு எதிரே நின்று, முன் சக்கரத்தை முழங்கால்களால் இறுக்கிப் பிடியுங்கள். ஹேண்டில்பாரை இடமும் வலமும் பலமாகத் திருப்புங்கள். சக்கரம் அசையாமல் ஹேண்டில்பார் மட்டும் திரும்பினால் தண்டின் திருகு தளர்ந்திருக்கிறது. பழைய வகைத் தண்டாக இருந்தால், அதை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது. சீட்டைத் தாங்கும் குழாய்க்கும் இதே விதிதான்.

அடுத்து, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரல்களை ஹேண்டில்பாருக்குக் கீழே, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் வையுங்கள். விரலுக்கு லேசாக 'டக், டக்' என்று தட்டுப்பட்டால் அங்குள்ள பேரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். இதைக் காதால் கேட்பதைவிட விரலால் உணர்வது எளிது. தளர்வோடு ஓட்டினால் பேரிங் உட்காரும் கப்புகள் அடிபட்டுக் குழியாகும். பிறகு ஹேண்டில்பார் நேர்க்கோட்டில் மாட்டிக்கொண்டு திரும்ப மறுக்கும்.

அங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஈரத்துணியால் ஃபோர்க்கையும், ஹேண்டிலுக்குப் பின்னால் சட்டக் குழாய்கள் சேரும் இடத்தையும் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போன்ற கோடோ, சுருக்கமோ, துருப் பிடித்த கீறலோ வெல்டிங்கை ஒட்டி இருந்தால் அந்த வண்டியில் பயணம் வேண்டாம். கடைக்காரர் பார்த்து, அது வெறும் பெயின்ட் கீறல்தான் என்று சொல்லும்வரை வேண்டாம்.

(காட்சி: சக்கரத்தின் அச்சு. நெருங்கிய காட்சி.)

இப்போது சக்கரங்கள். நட்டு வைத்த வண்டியானால் இரண்டு பக்கமும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான பின் சக்கர நட்டுகளுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். நட்டுக்குப் பதிலாகக் கைப்பிடி வைத்த வண்டிகளில்தான் பெரும் தவறு நடக்கிறது. பலர் அந்தக் கைப்பிடியைத் திருகு போலச் சுழற்றி இறுக்கிவிட்டு விட்டுவிடுகிறார்கள். அது சக்கரத்தைப் பிடிக்காது. கைப்பிடியை மடக்கி மூட வேண்டும். சட்டத்துக்கு நேர் வெளியே நீட்டி நிற்கும் நிலையிலேயே எதிர்ப்பு தெரிய ஆரம்பிக்க வேண்டும். மூடி முடித்தபின் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருக்க வேண்டும். எளிதாக மூடினால் திறந்து, எதிர்ப்பக்க நட்டைச் சிறிது திருகிவிட்டு மறுபடி மூடுங்கள்.

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றும்போது பிரேக் கட்டையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ரிம் ஒருபுறம் கட்டையை நெருங்கி, மறுபுறம் விலகினால் பெண்டு எடுக்க வேண்டும். ஸ்போக்ஸை இரண்டிரண்டாகச் சேர்த்து விரல்களால் நெருக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருக்கிறதா? பின் சக்கரத்தில், செயின் இருக்கும் வலது பக்கத்தைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். இழுவிசை அங்கேதான் அதிகம், பெரும்பாலும் உடைவதும் அங்கேதான்.

(காட்சி: பிரேக் பிடியை அழுத்தி, உள்ளே டார்ச் அடிக்கும் காட்சி.)

பிரேக் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். கட்டையைப் பார்க்கிறவர்களில் பலர் கம்பியைப் பார்ப்பதில்லை. பிரேக் பிடியை முழுவதுமாக அழுத்தி, கம்பியின் நுனியிலுள்ள குண்டு பொருந்தியிருக்கும் இடத்தில் செல்போன் வெளிச்சத்தைக் காட்டுங்கள். அந்தக் கம்பி பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. குண்டை ஒட்டிய இடத்தில் ஓர் இழை பிரிந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் கம்பியை மாற்றிவிடுங்கள். ஓர் இழை அறுந்தால் மிச்ச இழைகள் அதன் சுமையையும் தாங்குகின்றன. ஒருநாள் திடீரென்று பலமாகப் பிடிப்பீர்கள், அன்றைக்குத்தான் அறுந்து வரும். பலமாகப் பிடிப்பது ஆபத்து நேரத்தில்தானே?

கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றில் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பிடியை விட்டதும் அது துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் உள்ளே துரு இருக்கக்கூடும். கம்பியை மட்டும் மாற்றாமல் உறையையும் சேர்த்து மாற்றுங்கள்.

கட்டை ரிம்மின் மீது மட்டுமே முழுவதுமாகப் படிய வேண்டும். மேலே ஏறி டயரை உரசினால் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். கீழே இறங்கினால் ஸ்போக்ஸுக்குள் நழுவும். கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் தேய்ந்து மறைந்துவிட்டால் புதிது போடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் இரும்புத் தகட்டைக் கணக்கில் சேர்க்காமல், உராயும் பகுதி மட்டும் 1 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற இறக்கத்துக்குப் போகிறவர்கள் பாதி தேய்ந்த கட்டையோடு போகவே கூடாது. பழைய ரோட்ஸ்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குரோமியம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் கட்டை அதைச் சரியாகப் பிடிக்காது. அது பழுதல்ல, அதன் இயல்பு. மழை பெய்தால் வேகத்தைக் குறைத்து, வெகு முன்னதாகவே பிரேக்கைப் பிடியுங்கள்.

சோதனை எளிது. இறங்கி நின்று, வண்டியை முன்னே தள்ளியபடி முன் பிரேக்கைப் பிடியுங்கள், பின் சக்கரம் மேலே எழும்ப வேண்டும். பின் பிரேக்கை மட்டும் பிடித்துத் தள்ளினால் பின் சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும்.

(காட்சி: டயரின் மேல் விரல். சிறு கண்ணாடித் துண்டை ஊசியால் எடுக்கும் நெருங்கிய காட்சி.)

டயரில் முதலில் காற்றைக் குறைத்து, மேற்பரப்பை விரலால் மெதுவாக நெருக்கிக்கொண்டே சுற்றி வாருங்கள். சிறு வெட்டுகள் வாய் திறக்கும். உள்ளே அரிசிக் குருணை அளவுக் கண்ணாடித் துண்டு ஒளிந்திருந்தால் இப்போது ஊசியால் எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் சாலை அதை இன்னும் உள்ளே தள்ளி, கடைசியில் டியூபைத் தொட்டுவிடும். பக்கவாட்டில் நூல் தெரிந்தாலோ, உருண்டையாகப் புடைத்திருந்தாலோ டயரையே மாற்றுங்கள்.

எவ்வளவு காற்று என்பதை டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எல்லைக்குள் உங்கள் எடைக்கும் சுமைக்கும் ஏற்ப நிரப்புங்கள். பெட்ரோல் பங்க் காற்றைத் தவிர்ப்பது நல்லது. சைக்கிள் டியூபின் கொள்ளளவு சிறியது, நொடியில் அளவு மீறிப்போகும். வால்டியூப் என்னும் சிறு ரப்பர் குழாய் போட்ட பழைய வால்வு என்றால் வாய்ப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் அந்த ரப்பர் காய்ந்துவிட்டது. அதை மாற்றுவதோடு, உபரியாக ஒரு துண்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

செயினுக்கு அதிக நேரம் வேண்டாம். கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் மையத்திலிருந்து இரும்பு டேப்பை வைத்து அளவிடுங்கள். புதுச் செயினில் 24 ஆணி தள்ளியிருக்கும் ஆணி சரியாக 12 அங்குலத்தில் விழும். 12 தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் போயிருந்தால் பெரும்பாலும் பின் சக்கரத்திலுள்ள ஃப்ரீவீல் பற்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். எண்ணெய் விட்டபின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பெடல் பொருத்திய தண்டான கிராங்கைப் பிடித்து வண்டியின் பக்கம் தள்ளியும் இழுத்தும் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பெடலை இறுக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: இடது பெடலின் மரை தலைகீழ், எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும்.

இருட்டில் கிளம்புவதால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். சார்ஜ் முந்தைய இரவே ஏறியிருக்க வேண்டும், கட்டும் பை அதை மறைக்கக் கூடாது.

(காட்சி: கேரியரில் பை கட்டப்படுகிறது. தொங்கும் கயிற்று நுனி செருகப்படுகிறது.)

பம்பு, உபரி டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், டயர் கழற்றும் நெம்புகோல், உங்கள் வண்டிக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஆலன் சாவி எல்லாவற்றையும் முதல் நாளே கட்டிவிடுங்கள். கயிற்று நுனி, துப்பட்டா, பையின் வார் எதுவும் சக்கரத்தின் பக்கம் தொங்கக் கூடாது. அதே சுமையோடு தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சுமை ஏறியதும் கேரியர் ஆடுகிறதா, பை குதிகாலில் இடிக்கிறதா என்பது ஓட்டினால்தான் தெரியும்.

கோவளம் பக்கம் முதல் தேநீருக்கு நிற்கும்போது முன் சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கேரியர் திருகுகளையும் ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். புதிதாக முடுக்கியவை ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தளரக்கூடும். தளர்ந்திருந்தால் அங்கேயே ஸ்பேனரை எடுங்கள், மரக்காணம் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.