பாட்டாவின் 'கொஞ்சம்'

நேயர்களுக்கு வணக்கம். 'கொஞ்சம்', 'லேசா' மாதிரிச் சொற்களைக் கணக்காக்குகிற ஃபஸி லாஜிக்கைப் பற்றித்தான் இன்று பேச்சு. எங்கள் புகைப்புரையிலிருந்து தொடங்குகிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்குப் புகைப்புரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: ரப்பர் பாலை உறையவைத்து, ஷீட்டாக அடித்து, கம்பில் தொங்கவிட்டுப் புகையில் காயவைக்கிற அறை அது. சூடு சுமார் 40 முதல் 60 டிகிரிக்குள் நிற்க வேண்டும். கூடினால் ஷீட்டில் குமிழ் வரும், குறைந்தால் பூசணம் பிடிக்கும்.

எங்கள் புகைப்புரையில் தீ பார்த்தது பாட்டா, என் தாத்தா. சுவரில் தெர்மாமீட்டர் தொங்கியது. அதை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. கதவைத் திறந்து முகத்தைக் காட்டுவார். "கொஞ்சம் கூடிப் போச்சு மக்களே, விறகை லேசா இழு" என்பார். சில நாள் அதே சூட்டில், "கூடத்தான் செய்யுது, ஆனா இறங்கிட்டிருக்கு, தொடாத" என்பார்.

நான் இஞ்சினியரிங் படித்துவிட்டு வந்தேன். பாட்டாவுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று அடுப்புக்கு ஒரு ஊதுவிசிறியும் தெர்மோஸ்டாட்டும் மாட்டினேன். 50 டிகிரிக்குக் கீழே விசிறி ஓடும், மேலே நிற்கும். சரி, நின்றது. கனல் நிற்குமா? சூடு ஏறிக்கொண்டே போனது. அந்த வாரத்து ஷீட் முழுக்கக் குமிழ். பாட்டா ஒன்றும் சொல்லவில்லை, விறகை இழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

என் தெர்மோஸ்டாட்டுக்கு 49.9 என்றால் குளிர்ச்சி, 50.1 என்றால் சூடு. பாட்டாவுக்கு அப்படியொரு கோடே கிடையாது. 1965இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்த லோட்ஃபி ஜாதே இதைத்தான் கணக்காக்கினார். 54 டிகிரி என்பது பாதிக்கு மேல் 'சரி', மிச்சம் 'சூடு' என்று ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்கலாம். 'சரி' என்றால் சும்மா இரு, 'சூடு' என்றால் விறகை இழு. இரண்டு விதியும் அததன் அளவுக்குப் பேசும். அவற்றைக் கலந்தால் வருவது 'லேசா இழு'. இதுதான் ஃபஸி லாஜிக்.

"கூடத்தான் செய்யுது, ஆனா இறங்கிட்டிருக்கு." இதைத் திரும்பவும் சொல்கிறேன், எனக்குப் பிடித்த வாக்கியம். எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பார்வை அது. 1970களின் நடுவில் லண்டனில் மம்தானி என்ற பேராசிரியரும் அவர் மாணவர் அசிலியானும் ஒரு சிறிய நீராவி எஞ்சினை ஓட்டியது இந்த மாதிரி விதிகளை வைத்துத்தான். கொதிகலனின் அழுத்தம், அது மாறும் போக்கு, அதற்கேற்ற சூடு. சமன்பாடு எழுத முடியாத இடத்தில், இயக்குகிறவரின் பேச்சையே விதியாக்கினார்கள். அப்புறம் இந்த முறை டென்மார்க்கில் சிமெண்ட் சூளைக்குப் போனது. 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயிலில் வந்தது. நின்று பயணம் செய்கிறவர்கள் தள்ளாடாதபடி பிரேக் பிடிப்பதற்கு.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பால், நேரமாயிற்று என்று கையைக் காட்டுகிறார்கள். விதிகள் பெருகுகிற சங்கடத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஓர் அளவுக்கு 'சரி', 'சூடு' மாதிரி 5 சொல் வைத்தால், 2 அளவுக்கு 25 விதி, 3 அளவுக்கு 125. பாட்டா விறகின் ஈரம், மழை, காற்று எல்லாம் பார்ப்பார். அதற்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.