டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்

(திருகோணமலையில் பொதுமக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோர் எல்லோருக்கும் வணக்கம். நரம்பு வருத்தங்களுக்கும் புற்றுநோய்க்கும் நமது சுற்றாடல் எவ்வளவு தூரம் காரணம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் நல்லெண்ணெயிலிருந்து தொடங்குகிறேன்.

1977, 78ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 20க்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கை கால் வழங்காமல் போனது. நேற்றுவரை ஓடித்திரிந்த பிள்ளைக்குப் பாதத்தைத் தூக்கி வைக்க முடியவில்லை. எல்லோரும் இளம் வயதினர், எல்லோரும் பெண்கள். கிருமியென்றால் அண்ணன் தம்பிமாரை ஏன் விட்டுவைத்தது? இதைத் துருவிப் பார்த்தவர்கள் நிமால் சேனாநாயக்க, ஜெயரட்ணம் என்ற இரண்டு மருத்துவர்கள். பிள்ளை சாமத்தியப்பட்டால் நாம் என்ன கொடுப்போம்? பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். சம்பூரிலும் கொடுப்பார்கள், நிலாவெளியிலும் கொடுப்பார்கள். அந்த எண்ணெயில் ட்ரை கிரெசில் பொஸ்பேற் என்ற நஞ்சு கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களில் சேர்க்கிற சாமான் அது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் கலந்திருக்கலாம் என்று 1981இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இந்த நஞ்சு குடித்த அன்றைக்கே ஆளை விழுத்தாது. நரம்பைத் தாக்கி, கால் சோர்ந்து விழ ஒன்று முதல் மூன்று கிழமை எடுக்கும். அதற்குள் தண்ணீர் வார்த்து, சடங்கு முடிந்து, எண்ணெய்ப் போத்தலும் கழுவி வைத்தாகிவிடும். தாய்க்கு அந்த எண்ணெயின் நினைவே வராது. ரத்தப் பரிசோதனைத் தாளிலும் அது தானாக வந்து நிற்காது. யாராவது கேட்க வேண்டும், அல்லது வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். பழைய கான்களில் வரும் மலிவு எண்ணெயை வாங்காதீர்கள் என்பதையும் இதோடு சொல்லிவைக்கிறேன்.

சரி, வயலுக்குப் போவோம். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வெள்ளாமை செய்த வயதான ஐயாமாருக்குப் பராகுவாட் என்ற களைகொல்லி தெரியும். 1982இல் கலிபோர்னியாவில் சில இளம் வயதினர் திடீரென்று, கை நடுங்கி உடல் இறுகும் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல அசைய முடியாமல் உறைந்துபோய் வந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் விசாரித்ததில், அவர்கள் எல்லோரும் போலி ஹெரோயின் ஏற்றியவர்கள். அதில் எம்.பி.டி.பி. என்ற இரசாயனம் இருந்தது. உடலுக்குள் அது மாறி உருவாகும் பொருளின் அமைப்பு, பராகுவாட்டின் அமைப்பைப் பெரிதும் ஒத்திருந்தது. சந்தேகம் அங்கேதான் வலுத்தது. 2011இல் அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் செய்த ஆய்வு ஒன்றில், பராகுவாட் அல்லது ரோட்டினோன் என்ற பூச்சிகொல்லி பாவித்தவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு என்று கண்டார்கள்.

2.5 மடங்கு என்றதும் மருந்தடித்த எல்லோருக்கும் கை நடுங்கும் என்று பயப்பட வேண்டாம். அடிப்படை வாய்ப்பே சிறியது. இலங்கையில் பராகுவாட் 2008 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தப்பட்டது, அதுவும் தற்கொலைகளைக் குறைப்பதற்காக. ஆனால் 30 வருடம் முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்தவர் இப்போது நடை குறுகி, கையெழுத்துச் சிறுத்து கிளினிக்குக்கு வருகிறார். தொழில் என்ன என்று கேட்டால் மகன் முந்திக்கொண்டு, ‘அப்பா சும்மா வீட்டில்தான்’ என்கிறான்!

இன்னொன்று. பூச்சிமருந்து குடித்தவர் முதல் நாள் தப்பிவிட்டார் என்று துண்டு வெட்டிக் கூட்டிக்கொண்டு போக அவசரப்படுவோம். அடுத்த ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல், மூச்சுத் தசைகளும் சோர்ந்துபோகிற ஒரு நிலை இருக்கிறது. அதை 1987இல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னதும் அதே சேனாநாயக்கவும், கரல்லியத்த என்ற மருத்துவரும்தான். நம் நாட்டு வார்டுகளில் கண்டுபிடித்தது. டாக்டர் நிற்கச் சொன்னால் நில்லுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களிடம் மீனைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1956இல் ஜப்பானின் மினமாட்டா குடாவில் மீனவக் குடும்பங்கள் தள்ளாடின, கண் மங்கின, பேச்சுக் குளறியது. அதற்கு முன்பே அந்த ஊர்ப் பூனைகள் வலிப்பு வந்து செத்தன. தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீனில் ஏறி மனிதருக்கு வந்திருந்தது. அந்த அளவு நஞ்சு வேறு கதை. ஆனால் பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்னப் பாதரசம் சேரும் என்ற கணக்கு எந்தக் கடலுக்கும் பொருந்தும். ஆகவே கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நாமோ பிள்ளை பெற்றவளுக்குத் தேடிப்பிடித்துப் பால்சுறா ஆக்கிக் கொடுக்கிறோம். அம்மம்மாமார் கோபிக்க வேண்டாம். சாளையும் நெத்தலியும் கொடுங்கள், பாதரசம் மிகக் குறைவு, சத்தும் உண்டு.

இனிப் புற்றுநோய். ‘எங்கள் தெருவில் மூன்று பேருக்குக் கான்சர், டவர்தான் காரணம் டாக்டர்’ என்று ஒருவர் சொன்னார். சொல்லும்போது வாயில் வெற்றிலை. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெறும் பாக்குக்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் உறுதிப்படுத்தியது. உறைப்புப் பட்டால் வாய் எரிகிறதா, வாய் முன்போலத் திறக்கவில்லையா, வெள்ளைத் திட்டு இருக்கிறதா? பல் டாக்டரிடம் காட்டுங்கள். டவரைப் பிறகு பார்க்கலாம்.

சிகிச்சைக்கு மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்களும் இங்கே இருப்பீர்கள். வின்கிறிஸ்டின் என்ற மருந்து நம் முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்து வந்தது, பட்டிப்பூ என்போமே, அதேதான். அதற்காகப் பூவை அவித்துக் குடித்துவிடாதீர்கள், அது நஞ்சு. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் பெரிய உதவி செய்யும் இந்த மருந்துக்கு நரம்பைத் தாக்கும் குணமும் உண்டு. பக்ளிடாக்செல், சிஸ்பிளாட்டின் மருந்துகளும் அப்படியே. விரல் நுனி விறைக்கும், கால் எரியும், சட்டைப் பொத்தான் போட வராது.

இதை நம் ஆட்கள் டாக்டரிடம் சொல்வதில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். எல்லா நேரமும் நிறுத்தமாட்டார்கள். அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம், எரிவுக்கு டுலொக்செட்டின் கொடுக்கலாம். முற்றிய பிறகு சொன்னால் செய்யக்கூடியது குறைந்துவிடும். எனவே அடுத்த ஊசிக்கு முன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த விரலில் தொடங்கியது, எப்போதிருந்து, செருப்புக் கழன்றால் தெரிகிறதா, இரவில் எழும்பி நடக்கும்போது தடுமாறுகிறதா. பாதம் விறைத்தவர்கள் வெறுங்காலோடு வெயில் மணலில் இறங்க வேண்டாம், அடுப்பிலிருந்து சட்டியைத் துணி பிடித்தே இறக்குங்கள். சூடு தெரியாமலே கொப்பளித்துவிடும்.