தேவனாம்பட்டினத்து மண்ணுக்கடியில்

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

கோட்டை என்று ஒன்று இருந்துவிட்டால் போதும், நம் ஊர்ப்பக்கம் ஒரு சுரங்கக் கதையும் கூடவே இருக்கும். "இதுக்குள்ள இறங்கினா நேரா செஞ்சிதான்" என்பார்கள். நம் கடலூரிலிருந்து செஞ்சி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நடுவே பெண்ணையாறு வேறு. யார் தோண்டுவது? ஆனால் இங்கே தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில் சுரங்கம் இருந்தது உண்மை. தப்பி ஓடுவதற்காக அல்ல, எதிரியைத் தூக்கியடிப்பதற்காக.

ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடம் வாங்கிய கோட்டை அது. பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழும் தூரம்வரை ஊர்கள் அவர்களுக்கு என்று பேச்சு. பக்கத்து ஊரைக் குண்டு உப்பலவாடி என்கிறோமே, அந்தக் குண்டுதான். சரி, சுரங்கத்துக்கு வருவோம்.

அகழிக்கு வெளியே சரிவான மண்மேடு. அதற்கடியில் கோட்டையைச் சுற்றி வர ஒரு பாதை. அதிலிருந்து அங்கங்கே குறுக்காகக் கிளைகள் பிரியும். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு வெடிமருந்து அறை. எதிரி மேட்டில் ஏறி நிற்கும்போது திரியைக் கொளுத்தினால் போதும்.

முற்றுகை போடுகிறவனும் சும்மா இருக்கமாட்டான், அவனும் மதிலுக்கடியில் தோண்டி வருவான். எங்கே தோண்டுகிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1522இல் ரோட்ஸ் தீவைத் துருக்கியர் வளைத்தபோது, உள்ளே இருந்த தாதினி என்ற இத்தாலியப் பொறியாளர் இழுத்துக் கட்டிய தோலில் சிறு மணிகளைக் கோத்து வைத்தார். கீழே கடப்பாரை விழுந்தால் தோல் அதிரும், மணி கிணுங்கும். உடனே அந்தப் பக்கம் எதிர்ச்சுரங்கம் தோண்டுவார்கள். நம்மூர் மேளக்காரரிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்!

இத்தனை ஏற்பாடு இருந்தும் நம் கோட்டை நிற்கவில்லை. 1758 ஏப்ரல் 28இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியில் வந்து இறங்கினார். ஜூன் 2இல் கோட்டை அவர் கையில். உள்ளே குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு. சிப்பாய்கள் பலர் நழுவிவிட்டார்கள். இருந்தவர்களிலும் பலர் குடிபோதையில். உதவிக்குக் கப்பலும் வந்து சேரவில்லை. மருந்தறை நிறைய வெடிமருந்து இருந்தென்ன, திரி கொளுத்த நிதானமான ஆள் வேண்டாமா?

பிடித்த கையோடு லாலி கோட்டையை இடித்துத் தள்ளினார். 1761 ஜனவரியில் புதுச்சேரியைப் பட்டினி போட்டுப் பிடித்த ஆங்கிலேயர், அங்கிருந்த பிரெஞ்சுக் கோட்டையை அதேபோலத் தரைமட்டமாக்கிப் பழிதீர்த்துக்கொண்டார்கள்.